ஏழு சரணங்கள்

தாடைக்கட்டை அகனேதா அவிழ்த்ததும் அவள் கணவர் ஆபிராமின் வாய் கொஞ்சம் திறந்துகொண்டது. கிர்கிஸ் மண்ணில் குடியேறிய அந்த ஜெர்மன் ஊரின் சபை மூப்பர் டீட்ரிக் அதைப் பார்த்துவிட்டார். துக்கம் விசாரிக்க வந்த மனிதர் பிணத்தின் வாயைக் குனிந்து ஆராய்ந்தார்.

“சிரிக்கிற மாதிரி இருக்கே, சகோதரி. திரும்பக் கட்டிப் பாக்கலாமா?”

“முப்பது வருஷமா நீங்களும் மூடப் பாத்தீங்க மூப்பரே. முடிஞ்சுதா?”

மூப்பர் தொப்பியைக் கையில் சுழற்றினார். எதைக் கேட்டாலும் பதிலுக்கு வசனம் தேடுகிற முகம் அவருக்கு. அதைப் பார்த்தாலே அகனேதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆபிராம் செய்த குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. பால் கறக்கும்போது ஞானப்பாட்டைச் சீட்டியடிப்பார். சாப்பாட்டு ஜெபத்தில் உருளைக்கிழங்குக்கும் ஊறவைத்த வெள்ளரிக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்வார்; வெள்ளரி நன்றாக வந்திருந்தால் இரண்டு முறை. ஞாயிற்றுக்கிழமை பாடகர் வரிசையில் எல்லோருக்கும் முன்னால் பாடி முடித்துவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருப்பார். ஒருநாள் நடு ஆராதனையில் கேட்டேவிட்டார், ஆண்டவர் உயிரோடு இருக்கிறார் என்று பாடுகிறோமே, அதை ஏன் செத்த குரலில் பாட வேண்டும் என்று. அன்றைக்கே கடைசி பெஞ்சுக்குத் தள்ளினார்கள். பரிசுத்தவான்களுக்குக் காது மட்டும் ரொம்ப மெல்லியது.

போன வாரம் மூச்சு வாங்கிக்கொண்டே ஆபிராம் அவளிடம் ஒன்று கேட்டார். “என்னப் புதைக்கும்போதாவது இழுக்காம பாடச் சொல்லு அகனேதா.” அவளும் சரி என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அதை மூப்பரிடம் சொன்னாள். முடியாது என்றார். அடக்கப்பாட்டுக்கு ஏழு சரணங்கள். முதல் மண் விழும்போது தொடங்க வேண்டும். உயிர்த்தெழுதல் ஏழாவதில்தான் வருகிறது, அதனால் ஒன்றைக்கூட விட முடியாது. குழி மூடிய பிறகும் பாடினால் செத்தவருக்காக ஜெபிப்பதாகிவிடும், அது பாவம். நாலு பேர் மண் தள்ளினால் அரை மணி நேரம், பாட்டும் அரை மணி நேரம். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். இவ்வளவு கணக்கையும் கர்த்தரே நேரில் வந்து கொடுத்ததைப்போல் சொன்னார். ஆபிராமுக்குக் கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது என்று அகனேதாவுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கினார்கள். ஜெர்மனிக்குப் போகாமல் ஊரில் மிஞ்சிய நாலு கிழவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். பாடகர்கள் முதல் சரணத்தைத் தொடங்கினார்கள், சேற்றில் மாட்டிய வண்டியைத் தள்ளுவதுபோல.

வேலியோரம் தெருக்காரர்கள் நின்றிருந்தார்கள், இருபது கிர்கிஸ் ஆண்கள். கிழவர்கள் மண் தள்ள, திடகாத்திரமானவர்கள் கைகட்டி நிற்பதா? அவர்களுக்கு அது மானக்கேடு. குழியைச் சீக்கிரம் மூடுவதுதான் அவர்களிடத்தில் மரியாதை. பக்கத்து வீட்டு சகின்பெக் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தான். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். அவர்கள் வழக்கப்படி மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்காமல் ஒருவன் தரையில் போட, அடுத்தவன் எடுத்துக்கொண்டான்.

இரண்டாவது சரணத்துக்குள் பெட்டி மறைந்துவிட்டது. மூப்பரின் கண் புத்தகத்திலிருந்து குழிக்குப் போனது. மண் தள்ளுவதை நிறுத்தச் சொல்லவும் முடியாது; அடக்கப்பாட்டின் நடுவே பேசுவதும் பாவமாயிற்றே. மூன்றாவதில் பாதிக் குழி நிறைந்துவிட்டது. அவர் பாட்டை விரட்டக் கையை வேகமாக வீசத் தொடங்கினார். நாலாவது சரணம் நடந்தது, ஐந்தாவது ஓடியது, ஆறாவது பாய்ந்தது. ஏழாவதில் பாடகர் வரிசைக் கிழவிகளின் கன்னம் சிவந்து, ஒருத்தி சிரித்தே விட்டாள்.

இதைப் பார்க்க அந்த மனுஷன் இல்லையே என்று அகனேதாவுக்கு ஆற்றாமையாக இருந்தது. அங்கே வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் அழுதாள்.

கடைசிச் சொல்லும் கடைசி மண்ணும் ஒன்றாக விழுந்தன. சகின்பெக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தான்.

“நல்லாப் பாடுனாங்கக்கா. கல்யாணப் பாட்டா?”

“மூப்பரையே கேளு தம்பி.”

அவன் மரியாதையாக மூப்பர் பக்கம் திரும்பினான். மூப்பர் பாட்டுப் புத்தகத்தால் முகத்துக்கு விசிறிக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார், மூச்சுதான் வந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.