பூஜைக்கு முந்தின நாள் துடைத்தது

"தண்ணி உள்ள போயிருக்கும் மேடம். லட்சுமம்மா ஈரத்துணியால தொடச்சிருப்பாங்க."

சிஸ்டம் அட்மின் குணசேகர் சொன்னது இவ்வளவுதான். ஆயுத பூஜை விடுமுறை கழிந்த அன்று காலை, பொம்மனஹள்ளி ஆபீஸில் இருபது பேருக்கும் இன்டர்நெட் இல்லை. இருந்த ஒற்றை லைனை எல்லோருக்கும் பங்கு போட்டு, ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குத் தரும் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி, ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. மேனேஜர் வீணா தலைமேல் நின்று "யாரு கை வச்சது?" என்று கேட்டாள். இவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஸ்க்விட் ஓடும் சர்வரின் நெற்றியில் பூஜைக்கு லட்சுமம்மா வைத்த குங்குமம் வேறு சாட்சிக்கு இருந்தது.

"ஒணந்த துணி சார், ஈரமே இல்ல, சத்தியமா" என்றாள் லட்சுமம்மா. யார் கேட்டார்கள்? ஆறு வருஷம் அந்த ஆபீஸைப் பெருக்கியவளை "நாளைலேர்ந்து வரவேணாம்" என்று வீணா அனுப்பிவிட்டாள். துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு அவள் படியிறங்கினாள்.

அதற்குப் பிறகுதான் இந்த மகராசன், ஸ்க்விட் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் லாகைத் திறந்தான். முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது! வரிக்கு வரி 'பர்மிஷன் டினைடு'. பக்கங்களைச் சேமிக்கும் கேஷ் ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தான். ரூட், எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் கணக்கு. அடப்பாவி! பூஜைக்கு முந்தின நாள், ஆபீஸே துடைக்கிறதே, நாமும் துடைப்போம் என்று பழைய கேஷை அழித்துப் புது ஃபோல்டர் போட்டவன் அவன்தான். போட்டது ரூட் லாகினில். ஸ்க்விட் ஓடுவதோ தனி யூசர் பெயரில். ரூட்டின் ஃபோல்டரில் அதற்கு எழுத அனுமதி கிடையாது. தண்ணீரும் இல்லை, துணியும் இல்லை.

ஃபோல்டரை ஸ்க்விட்டின் பெயருக்கு மாற்றினான். கேஷை உருவாக்கி ஸ்டார்ட் செய்ததும் சமர்த்தாக ஓடியது. ஹாலில் கைதட்டினார்கள்.

"ஈரம் காஞ்சிருச்சா குணா?" என்று வீணா சிரித்தாள்.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சீ, நீயும் ஒரு மனுஷனா?

"ஈரமில்ல மேடம். தப்பு என்னுது" என்றான். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் காது மடல் எரிந்தது.

வீணா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "போய் நீயே கூட்டிட்டு வா."

லட்சுமம்மா பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். "மெஷின் சரியாச்சா சார்?"

"சரியாச்சும்மா. உங்க மேல தப்பே இல்ல. அன்னிக்கு நான்தான்..."

"நெனச்சேன் சார். 'நீங்க வெளிய தொடைங்க, நான் உள்ளாற க்ளீன் பண்றேன்'னு சிரிச்சீங்களே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மேடம் கேக்கறப்ப வாய் வரைக்கும் வந்துச்சு. தங்கவயல்லேர்ந்து தெனம் ரயில்ல வர்றவரு, உங்க வேலைக்கு எதுனா ஆயிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னுதான் சொல்லல."

அவள் ஏற வேண்டிய அத்திபெலே பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. ஆபீஸ் பக்கம் திரும்பி முன்னால் நடந்தாள். குணசேகர் தலை நிமிராமல் அவள் பின்னால் போனான்.