மஞ்சள் வைக்காத வேட்டி

பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை நடத்தும் வெள்ளைத்துரைக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. திருவான்மியூர் கடற்கரையோரம் பணக்காரக் கிழடுகளுக்கென்று மாளிகை மாதிரி ஒரு விடுதி கட்டியிருக்கிறார்கள், சாயங்காலம் திறப்பு விழா, குத்துவிளக்கு ஏற்ற உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மகன் கனகராஜ் சொல்லியிருந்தான். மருமகள் புஷ்பம் தன் கையாலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். என்றைக்கும் இல்லாத கரிசனம். அப்போதே மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது?

அப்பாவும் மகனுமாகக் காரில் போய் இறங்கிய இடத்தில் மேளமும் இல்லை, விளக்கும் இல்லை. மேனேஜர் ஸ்ரீரங்கன் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"வாங்கோ மாமா, மொதல்ல சுத்திப் பாத்துடலாம்."

பளிங்குத் தரை, ஏசி, டன்லப் மெத்தை, ஆளைக் கூப்பிடக் கட்டிலுக்குக் கட்டில் மணி. சாப்பாட்டு அறையில் ஒரு கிழவர் கழுத்தில் துண்டைக் கட்டி ஆயா சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். சூப் தாடையில் வழிந்து துண்டில் சொட்டியது. ஒரு காலத்தில் பெரிய கலெக்டராம். பக்கத்து மேஜையில் பவுடர் அப்பிய முகங்கள் அவர் பக்கமே திரும்பாமல் புட்டிங் தின்றன. பினாயிலும் ரோஜா அத்தரும் கலந்த நெடி. வெள்ளைத்துரை மூக்கைப் பொத்திக்கொண்டார்.

'திறக்காத வீட்டுக்குள்ள இத்தனை பேர் எப்படி வந்தாவ?'

மாடியில் கடலைப் பார்த்த அறை. கதவில் பித்தளைத் தகடு, அதில் அவர் பெயர். உள்ளே கட்டில்மேல் அவருடைய டிரங்குப் பெட்டி. அவர் கடையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் புஷ்பம் அனுப்பிவைத்திருக்கிறாள்.

"கடையில கெடந்து கஷ்டப்படுதீயளேன்னுதாம்ப்பா," என்றான் கனகராஜ், தரையைப் பார்த்துக்கொண்டு. "இனிமே நிம்மதியா இருங்க. கடைய நான் பாத்துக்கிடுதேன்."

பெற்ற பிள்ளை. தூ!

ஸ்ரீரங்கன் ஒரு வெள்ளை வேட்டியை அவர் தோளில் போர்த்தினார். "புதுசா வர்றவாளுக்கு எங்க மரியாதை. உங்க கடைச் சரக்குதான், உங்க பிள்ளை கொண்டுவந்து குடுத்தது."

துணி என்றால் முனையைத் தடவிப் பார்க்கிற பழக்கம் விரலுக்கு. தடவினார். கடை முத்திரை இருந்தது, மஞ்சள் இல்லை. அவர் கடையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் எப்போதும் மஞ்சள் கிண்ணம் இருக்கும். கைக்குட்டை வாங்கினாலும் முனையில் ஒரு பொட்டு வைக்காமல் மடித்துக் கொடுக்க மாட்டார். மஞ்சள் படாமல் வெளியே போவது பிணத்துக்குப் போர்த்துகிற கோடி ஒன்றுதான். டவுசர் போட்ட வயசிலேயே அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டு வைத்துப் பழகியவன் கனகராஜ்.

வெள்ளைத்துரை வேட்டியை உருவினார். நிதானமாக மகன் தோளில் போர்த்தினார்.

தேள் விழுந்த மாதிரி துள்ளினான் கனகராஜ். வேட்டி தரையில் போய் விழுந்தது. "எப்பா! மஞ்ச வைக்காத கோடில்லா இது! உசுரோட இருக்கவன் மேல போடுதீயளே!"

சொன்ன பிறகுதான் தன் பேச்சு அவன் காதிலேயே விழுந்தது. முகம் செத்துப்போயிற்று.

"தெரிஞ்சுதாம்ல கொண்டாந்திருக்க," என்றார் வெள்ளைத்துரை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். மூச்சு வாங்கியது, நிற்கவில்லை.

காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் பொன்னுரங்கம் ஓடிவந்து பெட்டியை வாங்கினான். "இன்னா மொதலாளி, வெளக்கு ஏத்திட்டீங்களா? சின்னவரு வரல?"

"அவன் பஸ்ஸுல வரட்டும். நீ கடைக்கு விடு," என்றார். "வெளக்கு வைக்கிற நேரமாச்சு."