தாளில் இல்லாத வரி

அக்கா வீட்டுக்காரரை அத்தான் என்று கூப்பிட ஆரம்பித்துப் பதினாறு வருடமாகிறது. இனி எந்த வாயால் அப்படிக் கூப்பிடுவேனோ தெரியவில்லை.

அவர் வெளியுறவுத் துறையில் செயலாளர். நான் அரசு வானொலியில் செய்தி வாசிப்பவள். பக்கத்து நாட்டில், அந்த நாட்டு ராணுவமே முற்றுகையிட்டிருக்கும் ஓர் ஊருக்கு, அவர்கள் மொழியில் வாசிக்கிறேன். தினமும் காலையில் அத்தான் சுருக்கொப்பமிட்ட தாள் வரும். அதில் இல்லாத ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

படை அனுப்பியாவது அந்த ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி. அடுத்தவன் சண்டைக்கு நம் பிள்ளைகளைப் பலி கொடுக்க முடியாது என்பது அவர் கட்சி. சாப்பாட்டு மேசையில் நாங்கள் முட்டிக்கொள்ளாத ஞாயிறு கிடையாது. அக்கா பாத்திரத்தை நங்கென்று வைத்தால்தான் வாய் மூடுவோம்.

திங்கட்கிழமைத் தாளில் ‘உங்களுக்குத் துணை நிற்போம்’ என்று இருந்தது. அவரே போன் செய்தார்.

“‘எங்கள் படை வருகிறது’ன்னு சேத்து வாசி. நீ ஜெயிச்சுட்ட, போ.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த அத்தானிடம் யாராவது எழுதி வாங்குவார்களா? மூன்று நாள் வாசித்தேன்.

இன்று காலை அந்த நாட்டு அரசோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். அவர்கள் துறைமுகத்தை நமக்குத் திறந்துவிடுவார்கள். நாம் எல்லை தாண்ட மாட்டோம். நேரே அவர் அறைக்குப் போனேன்.

“உங்கள நம்பித்தானே வாசிச்சேன்?”

“நாம வருவோம்னு பயந்துதான் அவங்க பேசவே வந்தாங்க. நம்ம சிப்பாய் ஒருத்தன்கூடச் சாகலம்மா. இதுல என்ன தப்பு?”

“அந்த ஊரு?”

கோப்பைத் திறந்து திங்கட்கிழமைத் தாளை என் பக்கம் திருப்பினார். “நான் கையெழுத்துப் போட்டது இதுக்குத்தான். படை வருதுன்னு இதுல எங்க இருக்கு?”

நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார். அதையும் ‘அம்மா’ போட்டு.

நிலையத்துக்கு ஓடி வந்து, அந்த ஊரிலிருந்து எங்களுக்குத் தகவல் தரும் பள்ளி வாத்தியாரைப் போனில் பிடித்தேன்.

“யாரும் வரல சார். நான் வாசிச்சது பொய். எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் காட்டு வழியா கிளம்பிடுங்க.”



“உங்க வண்டிங்க வர வழி வேணுமேன்னு, பாலத்துல போட்டிருந்த தடுப்பையெல்லாம் நேத்தே எடுத்துட்டோம்மா,” என்றார். “இப்ப பாலத்துல வண்டிச் சத்தம் கேக்குதே. அது நீங்க இல்லையா?”