துறையடி மருமகன்

படத்துக்கு ஒரு முதலை தேவைப்பட்டது. வாடகைக்குக் கிடைக்கக்கூடிய சாமான் இல்லையே அது. அதனால் படத்தை எடுக்கும் கோகுலராஜ், மாமா வீட்டுத் துறையடியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆற்றில், மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் எண்ணெய்க் கான் ஒன்றைக் கல் கட்டி மிதக்கவிட்டான்.

"இதுதான் முதல. எல்லாரும் இதப் பாத்துத்தான் பயப்படணும். மறுகா கம்பியூட்டரில உண்மையான முதலயப் போட்டுக்குவம்," என்றான்.

"எண்ணக் கானப் பாத்து எப்பிடி மருமகன் பயப்படுற?" என்று கேட்டார் நல்லரத்தினம். அவருக்கு அது முதல் படம். தன் வேடத்தைத் தானே நடித்துக்கொண்டிருந்தார்.

"மாமி கூப்பிட்டா ஒரு முழி முழிப்பீங்களே மாமா. அது காணும், வேறொண்டும் வேணாம்."

கரையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். கிளாப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவர் மகள் கம்சாயினியும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய படம்தான். அவர்கள் வீட்டில் நடந்த கதை அது.

அவள் உயர்தரம் படித்த வருடத்தில் அம்மா றஞ்சிதா மீன் வெட்டுவதெல்லாம் துறையடியில்தான். குந்தியிருந்து, கட்டையில் மீனை வைத்து, சத்தக் என்று தலையைத் துண்டித்து, குடலையும் செவுளையும் தண்ணீரில் வீசுவாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் வேர் இறக்கி நிற்கும் கண்ணாப் பற்றைக்குள்ளிருந்து ஒரு முதலை வந்துவிடும். மீன் வாசத்துக்கு வருகிறது என்று ஊர் சொன்னது. மகளுக்கு அதில் சந்தேகம். ஒருநாள் மீனே இல்லாமல் வெறும் கட்டையில் கத்தியால் தட்டிப் பார்த்தாள். வந்தது. இன்னொரு நாள் சத்தமில்லாமல் குடலை மட்டும் வீசிப் பார்த்தாள். அது நெடுநேரம் வரவில்லை. மாதக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்து எழுதினாள். முதலை மணத்தை அல்ல, அந்தச் சத்தத்தைத்தான் படித்து வைத்திருந்தது. மாகாண விஞ்ஞானக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது.

ஊருக்குக் கிடைத்தது வேறொன்று. மட்டக்களப்பில் கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பான். மாமியார் கையால் சாப்பிடுவான். அழைத்ததும் வந்து சாப்பிட்டுப் போகிற அந்த முதலைக்கு அயலில் வைத்த பெயர் மருமகன். "என்ன றஞ்சிதாக்கா, மருமகன் சாப்பிட்டுட்டாரா?" என்று கடையில் கேட்பார்கள். அம்மா மானம் போய், வெட்டுக்கட்டையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விட்டாள். பிறகு அதிகாரிகள் வந்து கூடு வைத்து, ஒரு முதலையைப் பிடித்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிடிபட்டது அதுதானா என்று யாரும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகும் அவசரத்தில் கம்சாயினியும் கேட்கவில்லை.

இப்போது கல்லடியிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அவளாக நடித்தாள். "உன்ட கண்டுபிடிப்பு, மச்சாள். கிளாப் நீதான் அடிக்கணும்," என்று பலகையைக் கொடுத்தவன் கோகுலராஜ். அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படப்பிடிப்பு மறுபடி தொடங்கியபோதுதான் அவள் அதைக் கண்டாள்.

கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் நின்ற மேற்குக் கரையிலிருந்து ஆற்றுப் பக்கமாக வீசும் காற்று அது. மஞ்சள் கான் கயிற்றை இழுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தது. சாப்பிட்டுப் போட்ட வாழையிலைத் துண்டுகளும் வெளியேதான் போயின. ஒரே ஒரு பட்ட கட்டை மட்டும் காற்றை எதிர்த்துக் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள் அது இல்லை.

"ரெடி! கிளாப்!" என்றான் கோகுலராஜ். அடித்தாள். நடிகர்களும் கமராக்காரரும் வெளிச்சத் தட்டைப் பிடித்திருந்தவரும், எல்லோரும் ஒன்றாக மஞ்சள் கானைப் பார்த்தார்கள். அவள் மட்டும் கண்ணாப் பற்றையைப் பார்த்தாள். வேர்களுக்கு முன்னால் தண்ணீர் ஒரு கோடாகப் பிரிந்து மறுபடி மூடிக்கொண்டது. வழக்கமாக அங்கே நிற்கும் கொக்குகளில் ஒன்றையும் காணவில்லை.

அடுத்த தடவை அடித்தாள். கோடு இன்னும் கிட்ட வந்தது.

படப்பிடிப்புக்காரருக்குச் சமைக்க வந்த சாமித்தம்பி துறைப்படியில் குந்தி அண்டா கழுவிக்கொண்டிருந்தார். அண்டாவின் அடியிலிருந்த மீன்தலைகளை அள்ளி அப்படியே ஆற்றில் வீசினார்.

"சாமித்தம்பியண்ணே, இதுகள நீங்க எப்பயும் இஞ்சதான் போடுறீங்களா?"

"வேறெங்க புள்ள போடுற? மீனுட சாமான் மீனுக்கு. நாலு நாளா இஞ்சதானே போடுறன்."

"எந்த நேரம்?"

"சாப்பாடு முடிஞ்சு நீங்க டப்பு டப்பெண்டு அடிக்கத் தொடங்குவீங்களே, அந்த நேரந்தான்." அவர் அண்டாவைக் கவிழ்த்தார். "ஏன், படத்தில விழுகுதா?"

கம்சாயினி கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். மரத்தில் மரம் அடிக்கும் சத்தம். அதோடு மீன். நாலு நாளாக, தினமும், அதே நேரத்தில், அதே துறையில். அவளுடைய பழைய சோதனைதான் அது. அவளே திரும்பவும் நடத்திக்கொண்டிருந்தாள்.

கோகுலராஜிடம் போனாள். "மச்சான், கொஞ்சம் நிப்பாட்டுங்க. ஆத்துக்குள்ள இரிக்கி."

"என்ன இரிக்கி?"

"முதல."

அவன் மஞ்சள் கானைக் காட்டினான். "ஓம், அந்தா இரிக்கி. நல்லாத்தான் நடிக்குது, ஒரு டேக்கும் வாங்குதில்ல."

"பகிடி விடாதீங்க. நான் அடிக்க அடிக்கக் கிட்ட வருகுது. கண்ணாவடியில கண்டன்."

எல்லோரும் அவள் காட்டிய பக்கம் பார்த்தார்கள். தண்ணீர், வேர், சேறு. வேறொன்றும் இல்லை. "விஞ்ஞானிக்கே பயம் புடிச்சிட்டு," என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. தோணியில் ஏறிக்கொண்டிருந்த அப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

"மகள், அதத்தான் லொறியில ஏத்திக்கொண்டு போயிட்டாங்களே. நீயே பாத்தாய்தானே?"

"ஏத்தினது எதை எண்டு ஆருக்கப்பா தெரியும்?"

"இருந்தாலும் நம்மட மருமகன்தானே. மாமனாரக் கடிக்குமா?" என்று சொல்லிவிட்டு, கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளினார்.

படத்தின் கடைசிக் காட்சி அதுதான். அப்பா தோணியில் நின்று மீன்கட்டையைத் தட்டிக் காட்ட வேண்டும். கால் வழுக்கி ஆற்றில் விழ வேண்டும். ஏறப் பார்த்து மூன்று தரம் சறுக்க வேண்டும். பிறகு மூச்சு வாங்க ஏறி, மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும் என்று கோகுலராஜ் நம்பினான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாற்றச் சேட்டும் இல்லை. ஒரே தரத்தில் எடுத்தாக வேண்டும்.

"கிளாப் சத்தம் கேட்டா மனசுக்குள்ள மூண்டு எண்ணிட்டு விழுங்க, மாமா!"

"ஓம், ஓம்!"

தோணி கானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கான் வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. தோணிக்கும் கண்ணாவுக்கும் இடையில் அந்தக் கட்டை மறுபடி மேலே வந்தது. இந்தத் தடவை அவளுக்கு இரண்டு கண்களின் புடைப்புகளும் தெளிவாகத் தெரிந்தன. அவற்றுக்கு வெகுதூரம் பின்னால் முதுகின் மேடு. ஒரு தோணிக்குக் குறையாத நீளம்.

"அடி, மச்சாள்!"

"அடிக்க மாட்டன்."

"வெளிச்சம் போகுது!"

"அப்பாவ வரச் சொல்லுங்க."

கோகுலராஜ் முகம் மாறியது. "நீ அடிக்காட்டி என்ன, நான் கையத் தட்டுறன்," என்று இரண்டு கைகளையும் தூக்கினான்.

அவள் ஓடத் தொடங்கினாள். கத்தினால் சிரிப்பார்கள். சத்தம் இந்தத் துறையில் எழும்பினால் அது இங்கே வரும். அப்படியென்றால் சத்தம் வேறிடத்தில் எழும்ப வேண்டும். அந்த ஒரு கணத்தில் அவளுக்கு அவ்வளவுதான் தோன்றியது. கண்ணாப் பற்றையைச் சுற்றி, அடுத்த வீட்டு வளவின் இடிந்த துறைக்குப் போய், சேற்றில் முழங்கால்வரை புதைய நின்று, பலகையை ஓங்கி அடித்தாள்.

அடித்த பிறகுதான் இன்னொருவரும் அதே சத்தத்துக்குக் காத்திருந்தார் என்பது நினைவுக்கு வந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று. அப்பா கைகளை விரித்து, வாயைப் பிளந்து, தொபுக்கடீர் என்று ஆற்றில் விழுந்தார்.

துறையடியில் சிரிப்பு வெடித்தது. புடைப்புகள் இரண்டும் தோணிப் பக்கமாகத் திரும்பி நின்றன. கம்சாயினி மறுபடி அடித்தாள். மறுபடியும். அடித்த வேகத்தில் ஓர் அடி விரலில் விழுந்தது, வலி தெரியவில்லை. முதுகு மேடு மெல்லக் கிறுகித் திரும்பியது. தோணியை விட்டு, அவள் பக்கமாக, அவசரமே இல்லாமல் வந்தது.

அப்பா தோணியின் விளிம்பைப் பிடித்து ஏறினார். ஏறவே முடியாதவரைப் போலக் காலை உதறிச் சறுக்கினார். முதல் தரம். சிரிப்பு. முகத்தைத் துடைத்துவிட்டு, கமராவைப் பார்க்காதது போலப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறினார். சறுக்கினார். இரண்டாம் தரம். நன்றாக நடித்தார். அவர் சறுக்கிய ஒவ்வொரு தடவையும் அவள் அடித்தாள். நிறுத்தினால் அது திரும்பிவிடும். நிறுத்தாவிட்டால் அவளிடம் வந்துவிடும். தண்ணீர் இப்போது அவள் முழங்காலில் மோதிக்கொண்டிருந்தது. காற்று எழுப்பிய அலை அல்ல அது.

அப்பா தண்ணீருக்குள்ளிருந்தபடி சத்தம் வந்த பக்கம் பார்த்தார். மகள் ஏன் அங்கே நிற்கிறாள் என்று பார்த்திருப்பார். அவள் எதைப் பார்க்கிறாள் என்பதையும் பார்த்தார்.

ஒரே எழும்பில் அவர் தோணிக்குள் இருந்தார்.

"மாமா! இன்னும் ஒருக்கா வழுக்கணும்!" என்று கோகுலராஜ் கத்தினான்.

அவர் நிமிர்ந்து நின்றார். "புள்ள! பின்னுக்குப் போ! பின்னுக்குப் போ, மகள்!"

அவர் குரல் உடைந்து வந்தது. துறையடியில் அதற்கும் சிரித்தார்கள். கம்சாயினி ஒரு காலைச் சேற்றிலிருந்து பிடுங்கினாள், மறுகாலைப் பிடுங்கினாள், கல்லில் ஏறினாள், இன்னும் ஏறினாள். அவள் நின்ற இடத்தில் தண்ணீர் கலங்கி, சேற்று நிறத்தில் ஒரு தாடை மேலே வந்து கரையில் தங்கியது. வாய் திறந்திருந்தது.

ஏசிக்கொண்டே ஓடி வந்த கோகுலராஜ் பற்றையைத் தாண்டியதும் நின்றான். ஓர் அடி பின்வாங்கினான்.

"இது போகாதா?" என்றான், காதுக்குள் சொல்வது போல.

"சாப்பாட்டுக்குக் காத்திரிக்கி."

"ஏதாவது போட்டா போயிருமா?"

"ஒண்டும் போட ஒண்ணா. போட்டா நாளைக்கும் வரும். எல்லாரையும் தண்ணிக்கரைய விட்டுப் போகச் சொல்லுங்க. கத்திச் சொல்லாதீங்க. நடந்து போய்ச் சொல்லுங்க."

"மாமா எப்பிடிக் கரைக்கு வாற?"

அவள் தோணியைப் பார்த்தாள். தோணி கானுக்கு அருகில் காற்றில் மெல்ல ஆடியது. அப்பா நனைந்த சேட்டோடு, கம்பைத் தண்ணீரில் வைக்காமல், இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். துறையடியிலிருந்து ஒவ்வொருவராக ஆட்கள் மேலே ஏறினார்கள். சிரிப்பு அடங்கியிருந்தது.

"எத்தின நாளில மறக்கும், மச்சாள்?" என்று கேட்டான் கோகுலராஜ்.

பழக எத்தனை நாள் என்பதை அவள் சோதித்து எழுதியிருந்தாள், அதற்குத்தான் பரிசு. மறக்க எத்தனை நாள் என்பதை யாரும் கேட்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. அந்த வாய் அப்படியே திறந்திருந்தது. அவள் பலகையின் இரண்டு பாதிகளுக்கும் இடையில் அடிபட்ட விரலைக் கொடுத்து, அவை ஒன்றையொன்று தொடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.