மூன்றாம் மாடியில் ஓர் ஆறு

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வடகழிக்குப்பத்து ஆற்றை அளவெடுக்கக் கொண்டுபோனார்கள்.

மூன்று பேர் வந்திருந்தார்கள். முகத்துவாரத்தில் ஆரம்பித்து, பாலம் வரைக்கும் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டினார்கள். நண்டுகள் மட்டும் கொஞ்சம் தகராறு செய்தன. ஊர்த் தலைவரிடம் ரசீது கொடுத்தார்கள். 'ஆறு, ஒன்று, பழையது' என்று அதில் எழுதியிருந்தது.

பள்ளம் காலியாக இருக்கக் கூடாது என்பது விதியாம். அன்று மாலையே பதினேழு லாரிகள் வந்து அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டி நிரப்பிவிட்டுப் போயின. தற்காலிக ஏற்பாடு என்றார்கள். சாம்பல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. சோற்றில் உட்கார்ந்தது. பிள்ளைகள் இருமினால் புகை மாதிரி வந்தது.

ஊரே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அஞ்சலாட்சிக்கு வேடிக்கை பார்க்க நேரமில்லை. அவளுக்கு வெள்ளிக்கிழமை பாடு.

வடகழிக்குப்பத்தில் எண்பத்து நாலு வீடு. ஆற்றில் வலை கட்டத் தோதான வாய் ஒன்றுதான். அதனால் நாளுக்கு ஒரு வீடு. யாருக்கு எந்த நாள் என்று வருஷத்துக்கு ஒரு முறை சீட்டுக் குலுக்கி எழுதிவிடுவார்கள். அதற்குத்தான் பாடு என்று பேர். அவரவர் பாடு வரும் நாளில் பொழுது சாய்வதற்குள் வலை ஆற்றில் நனைய வேண்டும். நனையாத வீட்டை வரிசையிலிருந்து அடித்துவிடுவார்கள். அப்புறம் அந்த வீட்டுக்கு ஆறு கிடையாது.

போன தை மாதம் அஞ்சலாட்சியின் புருஷன் மூச்சு வாங்கிச் செத்தான். பாட்டை அவள் பேருக்கு மாற்ற ஊர்க்கூட்டம் நாலு முறை கூடியது. பொம்பளைக்குப் பாடா என்று பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் மாற்றிக் கொடுத்தார்கள். எழுந்து போனவர்கள் இப்போது வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள்.

பாடு எழுதும் நோட்டை வைத்திருப்பவன் தேசப்பன், அவள் கொழுந்தன். நேர்மையான ஆள். அதுதான் தொந்தரவு. ஆறே ஊரில் இல்லாதபோது பாடு எப்படி என்று அவனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"நோட்டுல அப்டி ஒண்ணும் எழுதல அண்ணி," என்றான். "வலை நனையணும். அவ்ளோதான் கீது."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். தேசப்பன் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கூடவே வந்தான். துணைக்கு இல்லை. சாட்சிக்கு.

பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்டார். ஆறு இருக்கிற இடத்துக்கு என்றாள். அவர் யோசிக்கவே இல்லை. "மூணாவது மாடி ஸ்டாப்பிங்கா?" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஆற்றை எடுத்துப்போனவர்களின் அலுவலகத்துக்கு இரண்டு வாசல். இடது வாசல் கொடுக்க வருகிறவர்களுக்கு. வலது வாசல் வாங்கிக்கொண்டவர்களுக்கு.

இடது வாசலில் மின்விசிறி ஓடியது. நகரத்தின் நல்ல தெருக்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நடைப்பயிற்சிச் சட்டை போட்ட ஒருவர் ஒரு நாற்றத்தைத் துண்டில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே கிடந்ததாகச் சொன்னார். கவுன்ட்டரில் இருந்தவர் அதை வாங்கி, முத்திரை குத்தி, ஒரு விலாசம் எழுதி உள்ளே எறிந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தாள். விலாசம் அவளுடைய ஊர்.

"எவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிது பாத்தியா," என்றாள் தேசப்பனிடம். அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

வலது வாசலில் காவலாளி எந்த ஊர் என்று கேட்டுச் சுவரிலிருந்த வரைபடத்தில் தேடினார். கிடைக்கவில்லை. இல்லாத ஊரிலிருந்து வருகிறவர்களுக்குத் தனி விண்ணப்பம் இருந்தது. 'நீங்கள் இருப்பதை எப்போதிலிருந்து கவனித்தீர்கள்?' என்பது முதல் கேள்வி. அவள் ஆறாம் வகுப்பு என்று எழுதினாள். 'அதற்கு ஆதாரம்?' என்பது இரண்டாவது. இருமிக் காட்டினாள். காவலாளி பரிசோதித்துவிட்டு டோக்கன் கொடுத்தார். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

மூன்றாம் மாடியில் ஒரே நடைக்கூடம். பச்சை நிறத்தில் நீளமாகத் தேங்காய்நார் விரிப்பு. கோடியில் ஒன்பதாம் நம்பர் அறை. இருபதடி இருக்கும். நடந்தார்கள். நூறடி ஆயிற்று. இன்னும் நடந்தார்கள். அறையின் கதவு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது.

"நடந்தா நீளும்," என்றது ஒரு குரல். "நின்னா சும்மா இருக்கும்."

பெஞ்சில் ஒரு பெண் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோசலின் என்று பேர் சொன்னாள். நகரத்துக் குப்பை முழுக்க வந்து விழும் மேட்டின் ஓரத்தில் வீடு. கேரியரின் நாலு அடுக்கிலும் நாற்றம். தங்கள் தெருவுக்குத் தவறுதலாக வந்துவிட்டது, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள். அனுப்பியவரை அழைத்துவந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாம். அனுப்பியது ஊரே அல்லவா. ஊரை எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக.

"மூடியத் தொறக்கலியாக்கா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"தொறந்தா இவங்க கஷ்டப்படுவாங்களேன்னுதான்," என்றாள் ரோசலின்.

அஞ்சலாட்சி நின்ற இடத்திலேயே நின்றாள். அரை மணி நேரத்தில் ஒன்பதாம் நம்பர் அறை தானாக அவர்கள் பக்கத்தில் வந்தது.

உள்ளே உமாபதி என்ற அதிகாரி. மெலிந்த மனிதர். மரியாதையாகவே பேசினார். உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லை. ஆனாலும் சொன்னார்.

மேஜைமேல் பெரிய வரைபடம் விரித்திருந்தது. நகரத்தில் தெருத்தெருவாகப் பேர். பூங்காக்களுக்குப் பேர். நாய்கள் பூங்காவுக்குக்கூடப் பேர் இருந்தது. அவர் விரல் வடக்கே நகர்ந்ததும் வெறும் வெள்ளை. அதன் நடுவில் 'காலி' என்று ஒரே வார்த்தை.

ஊரில் மூச்சுவிட முடியவில்லை என்று அவள் சொன்னாள். அவர் ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு, வடகழிக்குப்பத்துக் காற்று மிகவும் தூய்மையாக இருப்பதாகக் கருவி காட்டுகிறது என்றார். கருவி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். நாய்கள் பூங்காவில் என்றார். அங்கே வைத்தால் ஏன் எங்கள் ஊர்க் கணக்கு வருகிறது என்று கேட்டாள். உங்கள் ஊரில் வைத்தால் கருவி கெட்டுப்போகிறது என்றார்.

அஞ்சலாட்சிக்குக் கோபம் வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது.

"எதுக்கு சார் எல்லாத்தையும் எங்க ஊருக்கே அனுப்புறீங்க?"

"தூரம்மா. உங்க ஊர் ரொம்ப தூரம்."

"எங்கேர்ந்து சார் தூரம்?"

"எல்லாத்துலேர்ந்தும்."

"எங்களுக்குக் கிட்டக்கதான சார் கீது."

உமாபதி பேனாவை எடுத்தார். இந்தத் தகவல் இதுவரை ஃபைலில் இல்லை என்று சொல்லி, வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டார். எழுத்து அழகாக இருந்தது.

பிறகு ஆற்றைப் பற்றிக் கேட்டாள். அளந்துகொண்டிருக்கிறோம் என்றார். எப்போது முடியும் என்றாள். அவர் முதல்முறையாகக் களைத்தவர்போலத் தெரிந்தார்.

"அளக்க அளக்க நீளுதும்மா. நாங்க என்ன செய்ய?"

தேசப்பன் ஜன்னலைப் பார்த்தான். வெயில் மஞ்சளாகிவிட்டது. மணி ஐந்தே முக்கால். நோட்டை எடுத்து, இன்றைய பக்கத்தைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினான்.

அஞ்சலாட்சி வெளியே வந்தாள். நீளுகிற வஸ்து. அது அவள் காதில் நின்றது. நடைக்கூடத்தைப் பார்த்தாள். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. சேற்று வாடை வந்தது. ரோசலினின் கேரியரிலிருந்து இல்லை. அவள் குனிந்தாள். விரிப்பின் ஓரத்தில் இரண்டு மீசைகள் ஆடிக்கொண்டிருந்தன. இறால் மீசை.

விரிப்பைப் பிடித்து இழுத்தாள்.

ஆறு அங்கேதான் இருந்தது. சுவருக்குச் சுவர் கச்சிதமாக விரித்துப் போட்டிருந்தார்கள். கெண்டைக்கால் ஆழம். சேறு, சிப்பி, அவள் புருஷன் போன வருஷம் தொலைத்த ஒற்றைச் செருப்பு, எல்லாம் இருந்தது.

அவள் வலையை உதறினாள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். இன்னொரு முனையை ஃபைல் பீரோவின் காலில் கட்டினாள். இருபது வருஷம் புருஷனோடு கட்டிய கை. இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

உமாபதி கதவைத் திறந்து, வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இங்கே வலை கட்ட அனுமதி இல்லை என்றார். இது ஆறே இல்லை, பரிசீலனையில் உள்ள பொருள் என்றார். ஓர் இறால் பரிசீலனையிலிருந்து துள்ளி அவர் ஷூவின் மேல் விழுந்தது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தேசப்பனைப் பார்த்தாள். அவன் சொல்வதில்தான் எல்லாம் இருந்தது.

தேசப்பன் மெதுவாக யோசித்தான். வீட்டு ஆள்தான் கட்டியிருக்கிறாள், சரி. பொழுது இன்னும் சாயவில்லை, சரி. எந்த இடத்தில் என்று நோட்டில் போட்டிருக்கவில்லை, ஆற்றில் என்றுதான் போட்டிருக்கிறது, அதுவும் சரி. அப்புறம் அவன் முகம் விழுந்தது.

"நிக்கிற தண்ணியில கட்டுனா பாடு இல்ல அண்ணி. ஓடணும். இது ஓடுதா?"

மூன்று பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அது ஓடுகிற மாதிரித் தெரியவில்லை. மூன்று நாளாகச் சிமென்ட் தரையில் கிடந்த தண்ணீர். ஜன்னலில் மஞ்சள் சிவப்பாகிக்கொண்டிருந்தது.

அஞ்சலாட்சி டோக்கனை எடுத்து நீரில் போட்டாள். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மிதந்தது. அசையவில்லை. ரோசலின் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தாள். உமாபதியும் பார்த்தார்.

"இன்னா தேதி இன்னிக்கு?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"அமாவாசைக்கு மறுநாள்," என்றான் தேசப்பன்.

"அப்ப நேரம் கீது. அமாவாச ஒட்டி கடல் பலமா இழுக்கும். இரு."

மூன்றாம் மாடிக்கும் கடலுக்கும் பதினெட்டு கிலோமீட்டர். யாரும் அதைச் சொல்லவில்லை. டோக்கன் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, நிதானமாக, வடக்குப் பார்த்து நகர்ந்தது. வேகம் பிடித்தது. நேரே போய் வலையில் மாட்டியது.

தேசப்பன் குனிந்து வலையைத் தொட்டுப் பார்த்தான். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். நோட்டில் எழுதினான். எழுதியதை உரக்கவும் படித்தான். "அஞ்சலாட்சி வூடு. நனைஞ்சிது."

ரோசலின் இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். நாலு வருஷத்தில் முதல்முறை. குப்பைமேட்டு ஆட்களையும் வரிசையில் சேர்ப்பார்களா என்று தேசப்பனிடம் கேட்டாள். கூட்டத்தில் வைக்கிறேன், பாதிப் பேர் எழுந்து போவார்கள், மீதிப் பேர் இருப்பார்கள் என்றான்.

அந்த நேரத்தில் ஒரு லாரி டிரைவர் மாடி ஏறி வந்தார். பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். கீழே பதினேழு லாரி சாம்பலோடு நிற்கிறது, பழைய பள்ளம் நிரம்பிவிட்டது, இன்றைய லோடை எங்கே கொட்டுவது என்று கேட்டார்.

உமாபதி உள்ளே போய் வரைபடத்தை எடுத்துவந்தார். அது ஓரமெல்லாம் ஊறியிருந்தது. விரல் வழக்கம்போல வடக்கே போனது. அங்கே இருந்த அந்த ஒற்றை வார்த்தை கரைந்து போயிருந்தது. அவர் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பார்த்தார். நகரத்தில் எல்லா இடத்திலும் யாரோ இருந்தார்கள்.

அவர் அஞ்சலாட்சியின் பக்கம் திரும்பினார்.

"எங்கம்மா கொட்டச் சொல்றது?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளிடம் மட்டுமில்லை, எண்பத்து நாலு வீட்டில் ஒருவரிடமும் கேட்டதில்லை. சாம்பல் வந்தபோது கேட்கவில்லை. ஆறு போனபோது கேட்கவில்லை. கேள்வி எப்படி இருக்கிறது என்று அவள் மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். நல்ல கேள்வியாகத்தான் இருந்தது. எவன் வாசலிலாவது கொட்டுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

வலை ஒரு முறை வெட்டி இழுத்தது.

"சித்த இருங்க சார்," என்றாள். "வலையில இன்னாவோ கனமா கீது. எட்த்துட்டு வந்து சொல்றேன்."

அவள் தண்ணீரில் நடந்தாள். நடைக்கூடம் நீண்டுகொண்டே போனது. உமாபதி பெஞ்சில் ரோசலினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் கீழே எட்டிப் பார்த்து, என்ஜின்களை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.