ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு யார் பேசுவது

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்திலிருந்து இளைய ஓரகத்தி சிரித்த முகத்தோடு வந்து செருப்பைக் கழற்றும்போதே மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

"உறுப்பினரைப் பாத்தியா?"

"இல்லக்கா. அவரோட உதவியாளர் பொண்ணுகிட்ட பேசினேன்."

"அடி சக்கை! பின்னாலேயே பை தூக்கிட்டு வருவாளே, அவகிட்டயா?"

போன மழையில் அந்தப் பெண்ணை வேலைக்காரி என்று நினைத்து, நனைந்த குடையை அவள் கையில் திணித்தவள் இந்த மூத்தவள்தான்.

தெரு வழியாக ஆஸ்பத்திரிக்குப் போன பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மூத்தவளின் கணவருக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் டயாலிசிஸ். பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார். கூப்பிடப் போனால் அவர் முகம் நாளுக்கு நாள் சுருங்குகிறது. மாதக்கணக்காக மூத்தவள் உறுப்பினரைக் கூட்ட மேடையடியில் மறித்து, சாக்கடையில் தொடங்கி, தெருவிளக்கைத் தொட்டு, பஸ்ஸுக்கு வருவதற்குள் அவர் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிடுவார்.

"அவகிட்ட என்னதான் சொன்ன?"

"பஸ் திரும்ப வேணும், யாருக்கு, எதுக்கு. அவ்வளவுதான். நாளைக்கு அவர் எதைப் படிக்கணும்னு எடுத்து வைக்கிறதே அந்தப் பொண்ணுதானாம்."

உள்ளறையிலிருந்து கணவரின் குரல் வந்தது: "பாத்தியா? விஷயத்தை மட்டும் பேசியிருக்கா. கெட்டிக்காரி!"

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை மூத்தவளுக்குக் கிடைத்ததே இல்லை. அன்று சோற்றுப் பானையின் மூடி இரண்டு முறை கீழே விழுந்தது.

மறுவாரம் போன் அடித்தபோது இளையவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மூத்தவள் எடுத்தாள்.

"உறுப்பினர் ஆபீஸ்லேர்ந்து பேசறேம்மா. செவ்வாய்க்கிழமை போக்குவரத்துக் குழு கூடுது. உங்க வீட்லேர்ந்து ஒருத்தர் ரெண்டு நிமிஷம் பேசலாம்."

அங்கேயும் அவள்தானா! நாக்கு தானாகப் புரண்டது.

"அவ வரமாட்டா. நாலு பேரைக் கண்டா அவளுக்கு வாய் கட்டிப்போயிடும்."

"தெரியும்மா, அவங்களே சொன்னாங்க. அதான் மூத்தவங்க பேசுவாங்கன்னு உங்களைச் சொல்லியிருக்காங்க. நோயாளியைக் கூட்டிட்டுப் போறவங்க சொன்னாத்தான் குழு காதுல ஏறும். வருவீங்களா?"

தானே கேட்டு வாங்கியிருந்தால் சந்தோஷம். இதையும் இளையவள் கொடுத்தல்லவா வாங்க வேண்டியிருக்கிறது! மறுத்தால்? பக்கத்து வீட்டுக் கார் எத்தனை நாளைக்கு?

"வரேன்," என்று வைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள்.

"ஏண்டி, என்னைக் கேக்காம குழுவுல பேச என் பேரை எதுக்குச் சொன்ன?"

"அத்தானைக் கைத்தாங்கலா ஏத்தி இறக்கறது நீங்கதானேக்கா? நான் பேசினா அது காதால கேட்ட கதையாத்தான் இருக்கும்."

மூத்தவள் ஈரப் போர்வையின் மறுமுனையைப் பிடித்து வெடுக்கென்று உதறினாள்.

"சரி, எனக்கு ரெண்டு நிமிஷந்தானாம். அந்தப் பொண்ணுகிட்ட நீ எப்படிச் சுருக்கமா அடக்கின? சொல்லு பாப்போம். உன்கிட்ட கத்துக்க வந்தேன்னு நினைச்சுக்காத. சும்மாதான் கேக்கறேன்."