தலைப்பக்கப் பலகைக்கு ஒரு மோட்டார்

...பலகையைத் தூக்க இருபது கிலோ இழுவை என்றால் மோட்டாருக்கு வேண்டிய முறுக்குவிசை நூற்று ஐம்பத்தேழு நியூட்டன் மீட்டர், பதினைந்து என்றால் நூற்றுப் பதினெட்டு, லேபில் சும்மா கிடக்கிற கியர் மோட்டார் தருவது நூற்று முப்பது, ஆக பதினைந்தாக இருந்தால் இன்றே கொண்டுபோய் அப்பாவின் கட்டிலுக்கடியில் மாட்டிவிடலாம், இருபதாக இருந்தால் பெரிய மோட்டார் வரவே இரண்டு மாதம், அதுவரை நானும் அம்மாவும்தான் மோட்டார். மோட்டாரை எடுத்துப்போகக் கையெழுத்துப் போட வேண்டிய ப்ராஜெக்ட் சாரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், கதவு திறக்கவில்லை. சுவிட்சைத் தட்டினால் தலைப்பக்கப் பலகை எழும்பும் கட்டில், இதுதான் என் கடைசி வருஷ ப்ராஜெக்ட், போன வருஷம் தானாகக் கைதட்டும் இயந்திரத்துக்கு முதல் பரிசு கொடுத்த துறை, எந்த முகத்தோடு இதை வேண்டாமென்று சொல்லும்? அப்பா எடை எவ்வளவும்மா என்று கேட்டதற்கு, மடிக்கிற துணியிலிருந்து தலையெடுக்காமல் எழுபது போட்டுக்கோ என்றாள் அம்மா. போட்டுக்கோ... எடையைச் சொல்கிற விதமா அது? எழுபதுக்குத்தான் இருபது கிலோ வந்தது. சரி, இழுத்தே பார்த்துவிடுவோம் என்று காலையில் பலகை விளிம்பில் தொங்குதராசைக் கொக்கி போட்டு மாட்டினேன். படுத்தபடியே அப்பா, "தராசுல வேற ஏத்திட்டியா, இனி பேரம் பேசாம விடமாட்டே," என்றார். சிரிக்க வேண்டிய இடம், நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து. தராசு அவுட்டுடா என்றான் கூட வந்திருந்த என் ப்ராஜெக்ட் கூட்டாளி, டெசிமல் என்று பட்டப்பெயர். அளந்து ஊற்றிய ஐந்து லிட்டர் தண்ணீரைத் தொங்கவிட்டோம், ஐந்து கிலோ, ஒரு கோடு பிசகவில்லை. பலகையின் பாரத்தைக் கழித்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அப்பா நாற்பத்தெட்டு. என்னைவிடப் பத்து கம்மி. இரண்டு தடவை போட்டேன், இரண்டு தடவையும் அதே விடை, பரீட்சையில் ஒருநாளும் இப்படி வந்ததில்லை.

கதவு திறந்தது. சார் என் விண்ணப்பத் தாளை மேலிருந்து கீழே படித்தார், லோடு என்ற இடத்தில் நாற்பத்தெட்டு கிலோ என்று மட்டும் எழுதியிருந்தேன், யார் என்று எழுதக் கட்டம் இல்லை. "மோட்டார் பலம் பத்து பர்சென்ட்தான் கூட இருக்கு, பத்தாதேப்பா. லோடு கொஞ்சம் ஏறினாலே நின்னுடும்," என்றார்.

"ஏறாது சார். போகப்போக இன்னும் கம்மியாத்தான் ஆகும்."

சொன்னது நான்தான், வாய்தவறிக்கூட இல்லை, வைவாவில் பதில் சொல்கிற அதே குரல். அவர் பேனா காகிதத்தில் படாமல் நின்றது. லோடு யாரு என்று கேட்டார், அப்பா என்றேன். கையெழுத்துப் போட்டார். மோட்டார் கனம்தான், இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படியிறங்குகிறேன், சொன்னதில் கணக்குப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறேன், இல்லை. ஆனால் காலையில் முள் பதினைந்தில் நின்றதே, அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது... நல்லவேளை, லேப் மோட்டாரே போதும் என்றுதானே?